மெஷின் அசையாத தரை

செருப்பை வாசலில் விட்டிருக்க வேண்டாம். "போட்டுட்டே வாங்கம்மா, இங்க யாரும் கழட்டமாட்டாங்க" என்று அந்த டைல்ஸ் கடைப்பிள்ளை சொல்வதற்குள் வடிவு கழற்றிவிட்டாள். கழற்றியதைத் திரும்ப மாட்டினால் என்னமோ தப்புச் செய்து பிடிபட்ட மாதிரி இருக்கும் என்று வெறுங்காலோடேயே உள்ளே வந்துவிட்டாள். இப்போது பாதம் சில்லிட்டு, அந்தக் குளிர் கணுக்காலில் ஏறி, முழங்காலுக்கு வந்து, அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. வெளியே பைபாஸ் ரோட்டில் தார் உருகுகிற வெயில். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஐஸ் பெட்டி. சுவர் நெடுகத் தரை நின்றுகொண்டிருந்தது. அதுதான் பார்த்த உடனே அவளுக்கு ஒப்பவில்லை. கிடக்கவேண்டிய தரையை எல்லாம் நிமிர்த்தி, சட்டத்தில் மாட்டி, விளக்குப் போட்டு, கதவு மாதிரித் திறந்து திறந்து காட்டுகிறார்கள். ஒன்றைத் திறந்தால் பின்னால் இன்னொன்று, அதைத் திறந்தால் இன்னொன்று. எந்தக் கதவுக்குப் பின்னாலும் வெளியே போகிற வழி இல்லை. தரையைப் பற்றிக் கால் அல்லவா சொல்லவேண்டும், கண் என்னத்தைச் சொல்லும் என்று அவள் நினைத்தாள். அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பனுக்கு அந்த யோசனை எல்லாம் கிடையாது. ஆயுசில் பாதியைப் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே கழித்த மனுசர். ரிட்டையர் ஆன பிறகும், எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முன்னால் நிற்கிறவர்களைப் பார்த்து "உள்ள போங்க, உள்ள எடம் கிடக்குல்லா" என்று சொல்லிவிடுவார். கல்யாணப் பந்தியானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி. வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு தயங்கியவளிடமும் அதைத்தான் சொன்னார். "உள்ள போ வடிவு." பிறகு அந்தப் பிள்ளையிடம், கடை முழுக்கக் கேட்கிற குரலில், "மொட்டைமாடியில எங்க வீட்டம்மாவுக்கு ஒரு தையல் ரூம் போட்டிருக்கேன்மா. தனி ரூம். தரை மட்டுந்தான் பாக்கி. அவதான் பாப்பா. அவளுக்குப் பிடிச்சதுதான்" என்றார். அவளுக்குப் பிடிச்சதுதான். வருகிற வழியெல்லாம் அதைச் சொன்னார், கொத்தனாரிடம் சொன்னார், பெங்களூரில் இருக்கிற மகனிடம் போனில் சொன்னார். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவளுக்குக் கைக்குழி இறுக்கமாக வெட்டிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. கையைத் தூக்கவும் முடியாது, தொங்கவிடவும் முடியாது.

வேண்டாம் என்று ஒரு சொல். அதைச் சொல்ல எத்தனை இடம் கிடைத்தது. செங்கல் வந்து இறங்கிய அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஜன்னலை எங்ஙன வைக்கட்டும் என்று கொத்தனார் கேட்டபோது சொல்லியிருக்கலாம். அவள் வாயைத் திறப்பதற்குள் இவர், "தெருப்பக்கம் வேண்டாம், தூசி வரும், அந்தப்பக்கம் வையி" என்று பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டிவிட்டார். கரண்டுக்காரர் பிளக்கை மூலையில் வைத்தார். மெஷின் அந்த மூலையில்தான் நிற்கும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அவளோ மிதிக்கிற மெஷின்காரி, அவளுக்குக் காலே கரண்டு, பிளக் எதற்கு? அதையும் சொல்லவில்லை. நேற்றுக்கூட எதிர்வீட்டு ரெஜினா டீச்சர் வந்து, "கொடுத்து வச்சவ வடிவு நீ! எங்க வீட்டு மனுசன் எனக்குன்னு ஒரு ஆணி அடிச்சுத் தந்ததில்ல" என்றபோது, இல்ல டீச்சர் எனக்கு அது வேண்டாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்தது உதட்டில் தட்டி நின்றுபோயிற்று. பழக்கம் அப்படி. இத்தனை வருசமும் உதட்டுக்கு நடுவில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே இருந்தவள். எதிரில் நிற்கிற பொம்பளை பேசுவாள், அழுவாள், மாமியாரைத் திட்டுவாள். வடிவு துணியைப் பிடித்து, வாயிலிருந்து ஒவ்வொரு ஊசியாக எடுத்துக் குத்திக்கொண்டே "ம்" என்பாள். வாய் நிறைய ஊசி இருக்கிறவள் "ம்" தவிர வேறென்ன சொல்லமுடியும். அதனால்தான் எல்லாரும் அவளிடம் வந்து சொன்னார்கள். திருப்பிச் சொல்லமாட்டாள், யாரிடமும் கொண்டுபோய்க் கொட்டமாட்டாள் என்று. இப்போது வாயில் ஊசி இல்லை. நாக்கால் தடவிக்கூடப் பார்த்துக்கொண்டாள், ஒன்றும் இல்லை. ஆனாலும் உதடு இறுகித்தான் கிடந்தது. திறந்தால் எதுவோ தொண்டைக்குள் போய்விடும் என்று அதுவாகவே பயந்துகொண்டு கிடந்தது.

"அம்மா, இது பாருங்க, பால் வெள்ளை. தையல் ரூம்னா வெளிச்சம் வேணும்லா? சின்ன ரூமக்கூடப் பெரிசாக் காட்டும்" என்று கடைப்பிள்ளை ஒரு கதவைத் திறந்தாள். ஜெனிபர் என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது. கண்ணைப் பறிக்கிற வெள்ளை. அதில் ஒரு வெள்ளைப் பொத்தான் விழுந்தால் வெள்ளை ஆட்டுக் கூட்டத்தில் வெள்ளைக் குட்டியைத் தேடுகிற மாதிரிதான். வெள்ளை நூல் கழிவு விழுந்தால் தெரியாது, கறுப்பு நூல் விழுந்தால் தலைமுடி மாதிரி ஓடித் தெரியும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூட்டுவது. ஆனால் வடிவின் கண் கல்லில் இல்லை, அந்தப் பிள்ளையின் தோளில் இருந்தது. கடைக்காரன் கொடுத்த நீலச் சுடிதார். மொத்தமாக வெட்டித் தைத்தது, ஆளைப் பார்த்துத் தைத்ததில்லை. கதவைத் திறக்கக் கையைத் தூக்கும்போதெல்லாம் முதுகு பூராவும் மேலே ஏறுகிறது. இடது கையால் அதைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறாள். கைக்குழியில் ஒரு விரல் அகலம் பிரித்துவிட்டால் போதும், பாவம், நாள் பூரா கதவு திறக்கிற பிள்ளை. "கக்கத்துல அறுக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டாள். அதற்கு மட்டும் வாய் திறக்கிறது பாருங்கள். ஜெனிபர் திடுக்கிட்டுக் கையை இறக்கினாள். "எப்படிம்மா தெரிஞ்சுது? அறுத்துப் புண்ணே ஆயிட்டு. எங்க ஏரியாவுல ஒருத்தன்ட்டக் குடுத்தேன், பிரிக்கத் துணியில்லைன்னுட்டான்." "உள்ள மடிப்புல கிடக்கும். அவனுக்குச் சோம்பல். வீட்டுக்குக் கொண்டா, பிரிச்சுத் தாரேன்." "உங்க வீடு எங்கம்மா?" "தெற்குத் தெருவுல, முக்குல இருந்து மூணாவது. தெருவுல நின்னு பாத்தாலே மெஷின் தெரியும்" என்று சொன்னவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். இனிமேல் தெரியாது. இனிமேல் என்ன சொல்லவேண்டும்? வீட்டுக்குள் நுழைந்து, முன்ரூமைத் தாண்டி, சமையல்கட்டைத் தாண்டி, புறவாசலுக்குப் போனால் ஒரு இரும்பு ஏணிப்படி இருக்கும், அதில் ஏறினால் தண்ணீர் தொட்டி, தொட்டிக்குப் பின்னால். யார் வருவாள் அப்படி? இந்தப் பிள்ளை வருமா? வந்தாலும் முன்ரூமில் உட்கார்ந்திருக்கும் இவருக்கு முன்னால் நடந்து, சமையல்கட்டு வழியாக, கக்கத்தில் புண் என்று சொல்லிக்கொண்டா? காந்திமதியக்கா வருவாளா? அவள் வீட்டுக்காரர் செத்துப்போன வருசத்தில் மாசா மாசம் அதே ஜாக்கெட்டைக் கொண்டுவருவாள், "இன்னும் கொஞ்சம் பிடிச்சுத் தா வடிவு, தொளதொளங்குது" என்பாள். துணி அதேதான், உள்ளே இருந்த அக்காதான் கரைந்துகொண்டே போனாள். முன்ரூம் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்காருவாள், தெருவைப் பார்ப்பாள், எழுந்து போவாள். பிறகு போன ஆடியில் ஒருநாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பிரிச்சு விடு பிள்ள, பிடிக்குது" என்று சொன்னாளே, அன்றைக்கு வடிவு அந்தத் தையலை ஒவ்வொரு நூலாக நிதானமாகப் பிரித்தாள். அந்த அக்காவுக்கு மூட்டுவலி. இரும்பு ஏணிப்படியை அண்ணாந்து பார்க்கக்கூட அவளால் முடியாது.

"வெள்ளை வேண்டாமா? அப்பம் இது, சந்தனக் கலர்" என்று ஜெனிபர் அடுத்ததைத் திறந்தாள். "ஊசி கீழ விழுந்தாப் பளிச்சுன்னு தெரியும்மா." ஊசி. ஆவுடையப்பன் உடனே, "ஆமா, அது முக்கியம், ஊசி தெரியணும்" என்றார். அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்கும், வராமல் இருக்குமா. மகன் தவழ்ந்துகொண்டிருந்த காலம். முன்ரூமில் அப்போதுதான் மெஷினைப் போட்டிருந்தாள், அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த மெஷின். பிள்ளை தவழ்ந்து போய்த் திடீரென்று வீரிட்டது. முழங்காலில் குண்டூசி, தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு பொட்டு ரத்தம், அவ்வளவுதான். ஆனால் மாமியார் தெருவெல்லாம் கூட்டிவிட்டாள், டியூட்டி முடிந்து வந்த இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் மெஷினைத் தூக்கினார். திட்டவில்லை, அடிக்கவில்லை. "உள்ள கிடக்கட்டும்" என்றார். உள்ளே என்றால் அரங்கு. சமையல்கட்டுக்குப் பின்னால் சாமான் போட்டுவைக்கிற இருட்டறை. ஒரு பக்கம் அரிசி டிரம், ஒரு பக்கம் புளிப்பானை, தலைக்கு மேலே பரணில் பழைய தொட்டில். ஜன்னல் கிடையாது. பகலிலும் குண்டு பல்பு. துணியெல்லாம் புளி நாற்றம் அடிக்கிறது என்று ஒருத்தி சொன்னாள், பிறகு ஒருத்தரும் வரவில்லை. அந்த அரங்குக்குள் உட்கார்ந்து வீட்டுத் தலையணைக்கு உறை தைத்தாள், உறைக்கு உறை தைத்தாள், தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைத்தாள். தெருவில் யார் போனார்கள், யார் வீட்டில் சத்தம், யாருக்குக் குழந்தை பிறந்தது, ஒன்றும் தெரியாது. தையல் சத்தத்தை நிறுத்தினால் அவள் உள்ளே இருக்கிறதே யாருக்கும் தெரியாது. ஒருநாள் நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நிறுத்தி வெகுநேரம் ஆகியும் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்போதுதான் அந்தப் பயம் உள்ளே நுழைந்தது. பெரிய பயம் ஒன்றும் இல்லை, குண்டூசி அளவுதான், தலை மட்டும் வெளியே தெரியும்.

ஆனால் வெளியே வந்தாளே. அதுவும் யாருக்கும் தெரியாது. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது சாமானை எல்லாம் முற்றத்தில் எடுத்துப் போட்டுத் திரும்ப அடுக்குவார்கள் அல்லவா, அடுக்கும்போது மெஷினை மட்டும் ஒரு கல் முன்னால் வைத்தாள். வீடு பூரா சதுர மொசைக் கல். ஒரே ஒரு கல் தள்ளித்தான் வைத்தாள், யார் கண்ணிலும் படவில்லை. அடுத்த பொங்கலுக்கு இன்னொரு கல். டிரம்மைத் தாண்டி, பானையைத் தாண்டி, அரங்கு வாசல் நிலைக்கு வந்தபோது அங்கேயே சில வருசம் மாட்டிக்கொண்டது, ஏனென்றால் நிலையைத் தாண்டினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கிரைண்டர் வாங்கினார்கள், அதை வைக்க இடம் வேண்டும் என்று மாமியாரே சொன்னாள், "அந்த மெஷினைக் கொஞ்சம் வெளிய தள்ளு." கொஞ்சம் தள்ளினாள். பிறகு சமையல்கட்டு ஓரம், பிறகு நடுவீட்டு மூலை. மெஷின் காலுக்கு அடியில் சாக்கைக் கொடுத்து இடுப்பால் முட்டித் தள்ளுவாள், மொசைக் கல் பிசுக்குப் பிடித்துச் சொரசொரவென்று கிடக்கும், லேசில் நகராது. மகன் பள்ளிக்கூடம் போனான், காலேஜ் போனான், மாமியார் போய்ச் சேர்ந்தாள், மெஷின் வந்துகொண்டே இருந்தது. முன்ரூம் ஜன்னல் வெளிச்சம் முதல்முதலாகத் துணிமேல் விழுந்த அன்றைக்கு, அவள் தைக்காமல் கையை மட்டும் அந்த வெயிலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆவுடையப்பன் டியூட்டிக்குக் கிளம்பி அவளைத் தாண்டித்தான் போனார். "மெஷின் இங்கனயா கிடக்கு?" என்றார். "எப்பவும் இங்கனதானே கிடக்கு" என்றாள். "ஆமா, ஆமா" என்று சொல்லிப் போனார். இத்தனை வருசத்தில் அவள் அவரிடம் சொன்ன பெரிய பொய் அதுதான்.

"ரூம் அளவு சொல்லுங்க சார், கல்லு கணக்குப் போடணும்." ஆவுடையப்பன் சட்டைப்பையைத் தடவினார், வேட்டி மடிப்பைத் தடவினார். "கொத்தனார் சொன்னாரே, பத்துக்கு... ஏ வடிவு, நீதானே அளந்த, என்ன அளவு?" அவள் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் வந்திருக்காது. "பத்துக்குப் பதினாலு. தெருப்பக்கம் ஜன்னலுக்கு அடியில ஒரு திண்டு, அதைக் கழிச்சுக்கோங்க" என்று கடகடவென்று சொல்லிவிட்டாள். ஜெனிபர் கணக்குப் பொத்தானைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். ஆவுடையப்பன் அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஏட்டி, அது கீழ முன்ரூம் அளவுல்லா! மாடி ரூம்ல ஏது திண்டு? தெருப்பக்கம் ஏது ஜன்னல்?" கடையில் வேறு யாரோ திரும்பிப் பார்த்தார்கள். "எங்க வீட்டம்மாவுக்கு இன்னும் கீழயே நெனப்பு" என்று ஜெனிபரிடம் சொன்னார். இப்போது சொல்லிவிடு. இதைவிடத் தோதான இடம் வருமா? ஆமா, கீழதான் நெனப்பு. எனக்கு மேல வேண்டாம், கீழேயே நல்ல தரையாகப் போட்டுத் தாங்க. வாக்கியம் தைத்து முடித்துக் கையில் இருக்கிறது, பொத்தான்கூடக் கட்டியாயிற்று, எடுத்து நீட்டவேண்டியதுதான். "இல்லங்க," என்றாள். "கீழேயே..." என்றாள். "கீழேயே போட்டா என்ன?" ஆவுடையப்பனுக்கு முதலில் புரியவில்லை. "கீழ கல்லு நல்லாத்தானே கிடக்கு?" "இல்ல, மெஷினு. மெஷினு கீழேயே கிடந்தா என்னன்னு." அவர் சிரிப்பு நின்றது. கோபம் வந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபம் இல்லை. பஸ்ஸில் கடைசி சீட்டும் போய்விட்ட பயணி மாதிரி ஒரு முகம். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். அந்த மனுசர் குரலைத் தாழ்த்தி அவள் கேட்டதில்லை. "அப்பம் நான் எங்கட்டி உக்காருவேன்?"

எங்கே உட்காருவார்? ஆயுசுக்கும் நின்றவர். ரிட்டையர் ஆகி வீட்டுக்கு வந்த முதல் வாரம் முன்ரூமில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அளவு கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றாள், "சார் இருக்காங்களா, பொறவு வாறேன்" என்று போனாள். அடுத்தவளும் அப்படியே. காந்திமதியக்கா வந்து ஸ்டூலில் உட்காராமல் ஜாக்கெட்டை மட்டும் நீட்டிவிட்டுப் போனாள். வடிவு மெஷினை ரெண்டு தடவை வெறுமனே மிதித்தாள். அந்தச் சத்தம் அவருக்குப் புரிந்துவிட்டது. கண்டக்டர் விசில் மாதிரிதானே அதுவும். மறுநாளிலிருந்து காலையில் சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் வெளிய போயிட்டு வாறேன்" என்று கிளம்பிவிடுவார். எங்கே போகிறார் என்று அவள் கேட்டதில்லை. ரெஜினா டீச்சர்தான் சொன்னாள், பஸ் ஸ்டாண்டில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று. மழை நாளிலும். அவரும் ஒரு அரங்குக்குள் கிடந்திருக்கிறார். ஊர் பார்க்கிற அரங்கு. அவர் அவளை வெளியே தள்ளவில்லை, மேலே ஒரு அறை கட்டிக் கும்பிட்டுக் கூப்பிடுகிறார், எனக்குக் கொஞ்சம் இடம் விடு என்று. இதைப் புரிந்துகொண்ட பிறகு வேண்டாம் என்று சொல்வதற்கு இருந்த கொஞ்ச தைரியமும் போயிற்று. மாடியில் நீங்க போய் உட்காருங்களேன் என்று சொல்லலாமா? நின்றே வீங்கிப்போன கால் அது, சுருண்ட நரம்பு பச்சைக் கயிறு மாதிரி முட்டிக்கொண்டு நிற்கிறது, ஏணிப்படியில் அவரால் ஒரு தடவை ஏறி இறங்கமுடியாது. கொத்தனார் வேலையைக்கூடக் கீழே நின்று அண்ணாந்துதான் பார்த்தார். ஒருத்தர் மேலே போகவேண்டும், மேலே போகக்கூடிய கால் அவளுடையதுதான். துணியை எப்படித் திருப்பிப் போட்டு வெட்டினாலும் ஒரு கைக்குத்தான் துணி வருகிறது. "சும்மா கேட்டேன்" என்றாள். "கீழ உங்களுக்கு வேணும்லா. மேலயே போடுவோம்." அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததைப் பார்த்தாள். அதைப் பார்க்கச் சந்தோசமாகவும் இருந்தது, அதுதான் இன்னும் மோசம்.

ஜெனிபர் கெட்டிக்காரி, ரெண்டு பேர் முகத்தையும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, "மேல ரூம்னா உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கும்மா" என்று ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கொஞ்சம் கல்லைத் தரையிலேயே பதித்து வைத்திருந்தார்கள். சாம்பல் நிறம், மேலே மணல் தூவிய மாதிரிச் சொரசொரப்பு. "இதுதான் மிஷின் ரூமுக்கெல்லாம் குடுக்கது. ஈரக்கால்ல நடந்தாலும் வழுக்காது. முக்கியமா மிஷினு அசையாது. பாருங்க" என்று பக்கத்தில் கிடந்த இரும்பு ஸ்டூலை அதன்மேல் வைத்து, காலை ஊன்றித் தள்ளிக் காட்டினாள். ஸ்டூல் அரற்றியது, ஒரு நூல்கூட நகரவில்லை. "வச்சா வச்ச எடந்தான்." ஆவுடையப்பனும் வந்து ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தார். "அடேயப்பா! நல்லா பிடிக்குல்லா! உன் மெஷினு மிதிக்க மிதிக்க ஆடுதுன்னு சொல்லுவியே வடிவு, இதுல ஆடவே ஆடாது." வடிவு தன் பாதத்தை அந்தக் கல்லின்மேல் வைத்தாள். உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டது. எடுக்கப் பார்த்தால் தோல் ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி. வைத்தால் வைத்த இடம். மூலை, பிளக், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கிற ஜன்னல், தொட்டியில் தண்ணீர் ஏறுகிற சத்தம், மத்தியானத்தில் தலைக்கு மேலே கொதிக்கிற தளம். சாக்கைக் கொடுத்து இடுப்பால் முட்டினாலும் அசையாது. மிதிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்ப்பாள், கீழே டிவி ஓடும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். "இதையே எழுதிரவாம்மா?" என்று ஜெனிபர் கேட்டாள். "எழுதும்மா, எழுதும்மா" என்று ஆவுடையப்பன் சொன்னார். "நாங்க இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்."

அப்போது அவள் காலை எடுத்தாள். எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்தில் வைத்தாள். பக்கத்தில் பதித்திருந்தது வேறு கல். தேன் நிறம், பெரிய பெரிய பலகையாக, எண்ணெய் தடவினது மாதிரி மினுமினுப்பு. பாதம் தானாக ஒரு சாண் முன்னால் போயிற்று. அவள் பிடிப்பதற்கு எதையும் தேடவில்லை. இன்னொரு காலையும் அதில் வைத்தாள். பிறகு, யாரும் சொல்லாமல், அந்த இரும்பு ஸ்டூலைத் தூக்கி இதில் வைத்து, பெருவிரல் நுனியால் லேசாகத் தொட்டாள். ஸ்டூல் சத்தமே இல்லாமல், தூங்குகிற வீட்டில் பூனை போகிற மாதிரி, ஒரு கல் தூரம் போய் நின்றது. இன்னொரு தொடு. இன்னொரு கல். "இது" என்றாள் வடிவு. ஜெனிபர் பதறிவிட்டாள். "ஐயையோ, அது ஹாலுக்குப் போடுறதும்மா. மிஷின் ரூமுக்கு ஆகாது, மிதிக்க மிதிக்க ஓடிக்கிட்டே இருக்கும்." "ஓடட்டும்." "வடிவு, வழுக்கும்ட்டி!" என்று ஆவுடையப்பன் கையை நீட்டினார், விழப்போகிறவளைப் பிடிக்கிற மாதிரி. "இந்த வயசுல இடுப்பை ஒடிச்சுக்கிட்டு மேல கிடந்தேன்னா யாரு தூக்குவா? என்னால ஏறமுடியுமா?" அவளுக்கு அந்தப் பயமும் சரிதான் என்று தெரிந்தது. ஆனால் இந்தத் தடவை உதடு திறந்திருந்தது. "நான் என்னைக்குங்க காலைத் தூக்கி நடந்திருக்கேன்?" என்று கேட்டாள். அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். அந்தத் தேன் நிறக் கல்லில் அவள் நடந்து காட்டினாள். தையல்காரி நடை, குண்டூசிக்குப் பயந்து பாதத்தைத் தூக்காமல், தரையைத் தடவித் தடவி, தேய்த்துக்கொண்டே போகிற நடை. இத்தனை வருசமாக வீட்டுக்குள் அப்படித்தான் நடக்கிறாள், சாமி கும்பிடப் போனாலும் அப்படித்தான் நடக்கிறாள், அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார். கடைசிக் கல் வரை போய்த் திரும்பி வந்தாள். விழவில்லை. "நடக்கதப் பாரு, தோணி போற மாதிரி" என்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிம்மா, அதையே எழுது. நான்தான் சொன்னம்லா, அவளுக்குப் பிடிச்சதுதான்." ஜெனிபர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே, "பொறவு என்னையச் சொல்லக்கூடாது" என்றாள். "உன்னைய ஒண்ணும் சொல்லமாட்டேன். நீ அந்தச் சுடிதாரை எடுத்துட்டு வா. வெரசா வா" என்றாள் வடிவு. "தரை போடுததுக்கு முன்னால வா."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். வெயிலில் கிடந்த செருப்பு அடுப்புக்கல் மாதிரிக் கொதித்தது; அதற்குள் காலை நுழைத்து, சூடு தாங்காமல் விரலைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். ஆவுடையப்பன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். "சந்தோசந்தானே வடிவு?" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கல்லு ஒவ்வொண்ணும் நல்ல பெரிசுங்க" என்றாள். "ஆமா, பெரிசுதான். ரூமே பெரிசாத் தெரியும்" என்றார் அவர். அவள் மனசு அப்போதே அந்த இரும்பு ஏணிப்படி ஏறி, தொட்டியைத் தாண்டி, இன்னும் தரை போடாத அறைக்குள் போய், மூலையில் நின்றது. அங்கிருந்து வாசலைப் பார்த்தது. வாசலைத் தாண்டி மொட்டைமாடி, மொட்டைமாடியைத் தாண்டிக் கைப்பிடிச்சுவர், கைப்பிடிச்சுவருக்குக் கீழே தெரு. அங்கே யாராவது அண்ணாந்தால் ஒரு மெஷின் தெரியும். முன்னே மாதிரிச் சின்னக் கல் இல்லை. முன்னே மாதிரி வயசும் இல்லை. வாற பொங்கலுக்கு ஒரு கல்லு என்று நினைத்தாள். பஸ் வந்து நின்றது. முன்வாசலில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர், மீசை சரியாக முளைக்காத பையன், அவர்களைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் கிடக்கு" என்று கத்தினான். ஆவுடையப்பன் தலையை ஆட்டிக்கொண்டு, சொன்னபடி உள்ளே போனார். வடிவு ஏறி, படிக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாசல் ஓரமாகவே நின்றாள்.